பதில் சொல்லும் தகடு

ஒட்டுவதில்தான் என் நாள் ஆரம்பம்.
ஒன்பதுக்குள் நாற்பது பால்மாவு டின்,
இருபத்து நாலு பிளேடுப் பெட்டி,
தைலக் குப்பிகளை எண்ணுவதே இல்லை.
கட்டைவிரல் நீளம், வெள்ளை பிளாஸ்டிக்,
மேலே பொய்யாக ஒரு பார்கோடு.
எந்த மெஷினாலும் அதைப் படிக்க முடியாது.

உள்ளே மெல்லிய தகடுகள்,
சாக்லேட் சுற்றிய தாள் மாதிரி.
வாசலில் நிற்கும் இரண்டு கம்பமும்
ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்குமாம்,
தகடு நடுங்கிப் பதில் சொல்லுமாம்.
பெரட்டில் கிராணி பேர் வாசிக்கிற மாதிரியா
என்றேன், சொல்லிக்கொடுக்க வந்த பையனிடம்.
சிரம்பான்காரன். புரியாமல் சிரித்து வைத்தான்.

காசு கட்டினால் கல்லாவில் ஒரு பலகை.
ரோஸ்னா அதன்மேல் தேய்த்தால்
தகட்டுக்கு வாய் போய்விடும்.
பிறகு யார் கூப்பிட்டாலும் ஊமை.
காசு கட்டாதது மட்டும்தான் பேசும்.

உயிரோடிருந்தபோது வாசல் பொய்யும் சொல்லியிருக்கிறது.
தவில்காரர் சிங்காரவேலு
கற்பூரமும் ஒரு கட்டு ஊதுபத்தியும் வாங்கிப்
பில்லோடு வெளியே போனார். கத்தியது.
பை கொட்டியாயிற்று, மூக்குக்கண்ணாடிக் கூடும் திறந்தாயிற்று.
கடைசியில் புதுச் செருப்பு.
வேறு ஊரில், வேறு கடையில்
யாரோ தேய்க்க மறந்தது.
ஒற்றைக் காலில் நின்று அடியைக் காட்டினார்.
அதற்குப் பின் அவர் எதிர்க் கடைக்குத்தான் போகிறார்.

தீபாவளிக்கு முந்தின வாரம்
செம்பனைக்கு மேலே பகாவ் வானம் கிழிந்தது.
ஒரே இடி.
ஐஸ்பெட்டி தப்பித்தது, கேமரா தப்பித்தது,
முதலாளி ஃபூவின் மீன்தொட்டிகூட.
வாசல் மட்டும் செத்தது.
சரிபண்ண நாலாயிரத்து இருநூறு வெள்ளி கேட்டார்கள்.
பச்சை விளக்கு எரிகிறதல்லவா, போதும்,
யாரிடமும் மூச்சுவிடாதே என்றார் ஃபூ.

காவலுக்கு நிற்கும் நேப்பாளத்துத் தீபேந்திரா
அன்றிலிருந்து இன்னும் நிமிர்ந்து நிற்கிறான்.
நானும் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறேன்,
கேட்காத காதுக்கு வாய் செய்துகொண்டு.

ஆனாலும் பாருங்கள்,
கணக்கெடுத்தால் திருட்டுக் கூடவில்லை.
பைக்குள் கைவிட்ட பையன்கள்
கம்பத்தைப் பார்த்ததும் கையை எடுக்கிறார்கள்.
பில்லைக் கையில் பிடித்த டீச்சர்கூட
நடுவில் நடக்கும்போது தோளைச் சுருக்குகிறார்.

நேற்றுச் சம்பளத்துக்கு முந்தின நாள்.
மழை விட்ட மூன்று மணிக்கு
யோகாம்பிகை வந்தாள்.
தமிழ்ப்பள்ளியில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே.
இப்போது நாலாவது டிவிஷனில்
உதிரிப்பழம் பொறுக்குகிறாள்,
நகக்கண்ணில் சிவப்பு எண்ணெய் போகவே போகாது.
பால்மாவு வரிசையில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.
முப்பத்தெட்டு வெள்ளி தொண்ணூறு காசு.
மடக்கிய குடைக்குள் டின் இறங்கியதை
ஒட்டுகிற வேலையை நிறுத்தாமல் பார்த்தேன்.

வாசலுக்கு மூன்று அடி.
நின்றாள்.
பச்சை விளக்கையே பார்த்தாள்.

போ, அது கத்தாது.
அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது.
ஆறேழு எழுத்து.
கட்டைவிரலில் ஒரு தகடு ஒட்டிக்கொண்டிருந்தது,
உதறினேன், விழவில்லை.

திரும்பி வந்து
டின்னை எடுத்த இடத்திலேயே
பேர் தெரிகிற மாதிரி நேராக வைத்தாள்.
"வெல கூடிருச்சில்ல?" என்றாள்.
"ஆமா, ரெண்டு வெள்ளி" என்றேன்.
ரோஸ்னா நிமிரவேயில்லை.
வெளியே போய்க் குடையை விரித்தாள்,
மழையே இல்லை,
விரித்து நன்றாக ஒருமுறை சுற்றினாள்.

எட்டு மணிக்குக் கதவு இறக்கினோம்.
பஸ் ஸ்டாண்டில்தான் கவனித்தேன்,
சட்டைக் கையில் ஒரு தகடு.
தேய்க்காதது.
பிய்க்கப் போனேன்,
பஸ் வந்துவிட்டது.