ஒரு படி குறைத்து

மண்டையில் இரண்டு துளை.
நெஞ்சுத் தோலுக்கடியில்
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி.
கொழும்பிலிருந்து திரும்பிய அன்றிரவு
தேத்தண்ணியை விளிம்புவரை ஊற்றித் தரச் சொன்னார்.
ஒரு சொட்டும் சிந்தவில்லை.
பக்கத்து வீட்டு லூர்து கை தட்டினாள்.
நானும் தட்டினேன்.

மூன்றாம் மாதம் கிளினிக்கில்
பெண் டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டாள்:
ஒரு நிமிசம்,
தெரிஞ்ச மிருகமெல்லாம் சொல்லுங்க ஐயா.
மாடு.
நாய்.
ஜன்னலைப் பார்த்தார்.
அட்டை, என்றார்.
அட்டை மிருகமா என்று அவள் கேட்கவில்லை,
எழுதிக்கொண்டாள்.
முந்தியெல்லாம் அவர் கையைப் பார்த்து
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள்
அன்றைக்கு வாயைப் பார்த்துப் பிடித்தேன்.

இந்த மனுசன்
ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருசம் டைம்கீப்பர்.
மைக் செத்த நாளிலும் பனிக்குள்ளே நின்று
டிக்கோயா நோர்வூட் மஸ்கெலியா நல்லதண்ணி என்று கத்தி,
தமிழில் ஏசி, சிங்களத்தில் ஏசி,
வெள்ளைக்காரப் பயணியிடம்
இங்கிலீசில் மன்னிப்பும் கேட்பார்.

அந்த நாலு ஊரையும் இன்றைக்குக் கேட்டாலும்
தடுக்காமல் சொல்வார்.
புதிதாக ஒன்று சொல்லத்தான்
அந்த... அந்த வெள்ளையா...
என்று நிற்பார்.
பிறகு எழுந்துபோய்
உப்பைத் தானே எடுத்துக்கொள்வார்,
நடுங்காத கையால்.

சண்டையும் நின்றுபோனது.
அவர் பதிலைத் தேடி எடுப்பதற்குள்
நான் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன்.
அவர் மட்டுமா குற்றம்.

கையா பேச்சா,
இந்த அளவுக்குள் மாற்றிப் பாருங்கள் என்று
ரிமோட் ஒன்றைப் பழக்கித் தந்திருந்தாள் டொக்டர்.
அலமாரியில் கிடந்தது.

நேற்று ராத்திரி மழை.
மகன் அனுப்பிய காசைச்
சீட்டுக்குக் கட்டிவிட்டேன் என்றேன்,
கோப்பையை அவர் கையில் கொடுத்தபடி.
ஒன்றும் பேசவில்லை.
கோப்பையோடு எழுந்தார்.
ரிமோட்டை எடுத்து நெஞ்சில் வைத்தார்.
ஒரு படி.
கொஞ்சம் பொறுத்து இன்னொரு படி.
சுண்டுவிரல்தான் முதலில் ஆடத் தொடங்கியது.

"கேக்காம கட்டுவியா நீ?
அந்த பாக்கியநாதன்
போன சீட்டையே முழுங்கிட்டு ஏப்பம் விட்டவன்!
ஒன் புத்தி என்ன
நோர்வூட்டுலயே எறங்கிருச்சா?"

தேத்தண்ணி மேசையில், என் சேலையில்,
சிமெந்துத் தரையில்.
துணியை எடுக்கப் போனவள்
அப்படியே உட்கார்ந்தேன்.

அப்பறம்? என்றேன்.