செயப்பாட்டு வினை

முப்பது வருடமாக என்னிடம் இங்கிலீஷ் இருந்தது.
லைன் கிளியர், எர்த், ஷட்டவுன்,
ஓவர்லோடு, டிரிப், ஜம்பர் கட்டு.
வினைச்சொல்தான் இல்லை.

புதிதாக வந்த ஏ.இ. சொல்லிவிட்டார்:
ரிப்போர்ட்டை இனி முழு வாக்கியமாக எழுது, சோணைமுத்து.
அன்று சாயங்காலமே
சிம்மக்கல்லில் சைக்கிள் பார்ட்ஸ் கடை மாடியில்
பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே
பிளேயர் இடுப்பில் குத்த உட்கார்ந்தேன்.

ஜெனிட்டா மிஸ்
என் மூத்தவளைவிட மூன்று வயது சின்னவள்.
என்னை அண்ணே என்பாள், நான் அவளை மிஸ் என்பேன்.
பக்கத்தில் தெற்குமாசி வீதி ஜவுளிக் கடை ரங்காபாய்,
பின்னால் நெல்பேட்டை மருந்துக்கடைப் பையன் ஜாபர்.

பாடத்தில் ஒரு பிரபலமான மனிதர்.
பிறந்தார். ஏழையாக இருந்தார்.
தெருவிளக்கின் கீழ் படித்தார். பெரிய ஆளானார். இறந்தார்.
எல்லாமே முடிந்துபோன காலத்தில்.
அந்த விளக்குக்குக் கம்பத்தில் ஏறியவன் யாரென்று
இரண்டு பக்கம் புரட்டியும் இல்லை.

உங்களுக்குத் தெரிந்த ஒரு பிரபலத்தை
ஐந்து வரி எழுதுங்கள் என்றாள் மிஸ்.
ஜாபர் ஒரு பந்துவீச்சாளரை எழுதினான்.
நான் அழகரை எழுதினேன்.
ஹி லிவ்ஸ் இன் எ ஹில்.
ஹி கம்ஸ் டு மதுரை.
ஹி இஸ் லேட். மேரேஜ் இஸ் ஓவர்.

'வாஸ் லேட்' என்று திருத்த வந்தது சிவப்பு மை.
ரங்காபாய் விடவில்லை:
போன வருசமும் லேட்டு, வர்ற வருசமும் லேட்டுத்தானே மிஸ்?
மை சற்று நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது.
சூரியன் கிழக்கே உதிப்பதை எழுதும் காலத்தில்தான்
இதையும் எழுதணும், என்றாள் மிஸ்.
எனக்கு அது ஒன்றுதான் இன்றுவரை மறக்கவில்லை.

சித்திரை பிறந்ததும் செயப்பாட்டு வினை வந்தது.
கொடி ஏற்றப்படுகிறது.
திருக்கல்யாணம் நடத்தப்படுகிறது.
தேர் இழுக்கப்படுகிறது, மக்களால்.

மிஸ், நம்ம ஊரில் யாரும்
தேர் இழுக்கப்படுதுன்னு சொல்றதில்ல.
தேர் வருது, அவ்வளவுதான்.
வடத்தைப் பிடித்து உள்ளங்கை உரிந்தவனும்
வீட்டுக்குப் போய்
தேர் வந்துச்சு என்றுதான் சொல்வான்.

அவள் சிரித்தாள். போர்டில் எழுதினாள்:
செய்தவர் யாரென்று தெரியாவிட்டால்,
அல்லது முக்கியமில்லையென்றால்,
'பை' போட வேண்டாம்.

என் நோட்டில் எழுதினேன்:
தி கரண்ட் இஸ் கட்.
பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டேன்.

தேரன்றைக்கு விடியுமுன்னே
மேலமாசி வீதிக் கம்பத்தில் இருந்தேன்.
குறுக்கே போகும் கம்பிகளை அவிழ்த்துச்
சுருட்டி ஓரமாகக் கட்டினோம், நானும் இரண்டு பேரும்.
கீழே கொம்பு, மோர்ப் பந்தல், விசிறி மட்டை,
தோளில் மொட்டைக் குழந்தைகள்.
என் பூட்ஸ் மட்டத்துக்கு மேலே
கலசம் ஆடிக்கொண்டு போனது.
கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது.
என்னை இல்லை.
எனக்கும் கும்பிடக் கை ஒழியவில்லை.

போன் அடித்தது. மிஸ்.
அண்ணே, எங்க தெருவிலயும் கரண்ட் இல்லை,
அம்மாவுக்குப் புழுக்கம் தாங்கல, எப்ப வரும்?

பவர் இஸ் கட், மிஸ், என்றேன்.
அந்தப் பக்கம் ஒரு மூச்சு நேரம் சத்தமில்லை.
பிறகு, வகுப்புக் குரலில்:
பை ஹூம்?

பை மீ.

கரெக்ட், என்றாள். சீக்கிரம் போடுங்கண்ணே.

தேர் திரும்பி நெடுநேரம் கழித்துத்தான் போட்டேன்.
கிரைண்டர் ஓடியது, எங்கோ டிவி பாதியில் பேசியது,
ஒரு வீட்டில் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.
ரங்காபாய் கடை டியூப்லைட் மட்டும்
எரியலாமா வேண்டாமா என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.
அதற்குச் சோக் மாற்ற வேண்டும்.
ரிப்போர்ட்டில் எழுத வேண்டியதில்லை.