பெருவிரல்காரருக்கு

நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது.
எழுத்தைத் தெரியும்,
அதுவும் தபால்கார சிக்கந்தர் சொல்லித்தான்:
"அதே கைதான் தாயி, சாய்ச்சு எழுதுறவரு,
ழகரத்துக்கு வாலை நீட்டுறவரு."
அவுக சொல்லச் சொல்ல நீங்க எழுதினது
பத்துக் கடுதாசி.
பதினொண்ணாவது
நீங்களே சொல்லி நீங்களே எழுதினது.

மேலூர்த் தபால் வந்தா
கம்மாய்க் கரையிலேயே மணி அடிக்கும்.
"இவ்விடம் க்ஷேமம்" முடிஞ்சதும்
ரெண்டு வரி கருப்பு.
ஊர்ப் பேரோ ஆத்துப் பேரோ
மை பூசினவனுக்குத்தான் வெளிச்சம்.
"அங்கே மழை உண்டாமா?" ன்னு மாமனார் கேப்பாரு.
மையைப் பார்த்துக்கிட்டே
"உண்டாம்" பாரு சிக்கந்தர்.

அடியிலே அவுக பெருவிரல்.
படிக்கத் தெரியாதவளுக்கு
அது ஒண்ணுதான் கடுதாசி.

கல்யாணமாகி மூணாம் மாசம்
கரும்பு வெட்டையிலே அரிவாள் இறங்கின விரல்.
மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு
சீலைக் கரையைக் கிழிச்சுக் கட்டினேன்.
ஆறின பிறகு சுழிக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால்,
பெரியாத்துத் தண்ணி எங்க வயலை
ரெண்டாக்கிட்டுப் போன மாதிரி.
பத்து ரேகையிலும் அது ஓடுச்சு
இடப்பக்கமாச் சரிஞ்சு.

பதினொண்ணிலே இல்லை.
சுழி முழுசா இருந்துச்சு,
கல்லு விழாத கிணறாட்டம்.
வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தேன்.
தகரப்பெட்டியைத் திறந்து
பத்தையும் தரையிலே வரிசையாப் போட்டேன்.
அப்புறம் உலை பொங்குதுன்னு
எந்திரிச்சுப் போயிட்டேன்.

அதிலே ஒரு கேள்வி இருந்துச்சு:
"நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?"
எட்டு வருசத்திலே அவுக கேட்டதில்லை.
செவலை கன்னு போட்டுச்சா,
மடைக்கு ராத்திரி யாரு காவல்,
கருப்பணன் பள்ளிக்கூடம் போறானா,
அம்புட்டுத்தான் கேப்பாக.
உங்க கேள்விக்கு எனக்குக் கோவம்தான் வந்துச்சு.
அழுகை
ரெண்டு நாள் கழிச்சு, கொல்லையிலே, வரட்டி தட்டையிலே.

பதினெட்டு ரூபா மணியார்டர் ஒம்பதாச்சு.
சண்டைக்காலம், பிடித்தம் இருக்கும்னாரு சிக்கந்தர்.
யார் சம்பளத்திலே பிடிச்சது?

தந்தி இன்னும் வரலை.
எங்கே தங்கிருச்சோ.
நான் வாயைத் திறந்தா
பொழுது சாயுமுன்னே ஊரு கூடிரும்,
கழுத்திலே கை வச்சிரும்.
அதனாலே பதில் எழுதையிலே
ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்:
"பெருவிரல் தழும்பு பனிக்கு வலிக்கிறதா?"
அந்த வரி உங்களுக்கு.

போன செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாவது வந்துச்சு.
வலி இல்லைன்னு எழுதியிருந்தீங்க.
ரேகையிலே வாய்க்கால் இருந்துச்சு,
மை காயுமுன்னே ஊசியாலே இழுத்தது.
ஆனா
வலப்பக்கமாச் சரிஞ்சிருந்துச்சு.

எல்லாரும் படுத்த பிறகு
அடுப்புக்கரியை என் விரல்லே அப்பி
நகத்தாலே ஒரு கோடு கீறி
சுவத்திலே வச்சு வச்சுப் பார்த்தேன்.
விரல்லே வலம்னா சுவத்திலே இடம்.
எத்தனை தடவை வச்சாலும் அப்படித்தான்.

பழைய கடுதாசியைப் பார்த்துப் போட்டிருந்தா
பிசகியிருக்காது.
விரலையே பார்த்தவுகதான்
இப்படிப் போடுவாக.
அப்போ அந்தக் கை
உங்க கையிலே இருந்திருக்கு,
கோடு எந்தப் பக்கம் சரியுதுன்னு
மனசிலே நிக்கிற அளவுக்கு நேரம்.

இதைச் சிக்கந்தரிடம் சொல்லி எழுத முடியாது.
மனசுக்குள்ளேயே எழுதுறேன்,
வாற வழியிலே எவனும் மை பூச மாட்டான்.

அடுத்த கடுதாசியிலே
க்ஷேமம், செவலை, மடை எல்லாம்
வழக்கம்போல எழுதுங்க,
மாமனார் காது கொடுத்துக் கேக்கணும்.
நடுவிலே ஒரு வரியிலே
கை சூடா இருந்துச்சா இல்லையான்னு எழுதி
நீங்களே மை பூசிருங்க.

அந்தக் கருப்பை நான் தடவிப் பார்த்துக்கிறேன்.