தலைக்கு அறுநூறு

ஏழரைக்கு ஒரு ஹாரன்.
இரண்டாவது ஹாரனுக்கு வேலையில்லை,
மொத்தமே நாலு பேர்.

தலைக்கு மாதம் அறுநூறு என்று
வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.
பணம் ஆகஸ்டோடு நின்றுபோயிற்று.
டீசலுக்கு அது தெரியாது, எரிகிறது.

எட்டாம் நம்பர் லைன் பள்ளியை மூடியதில்
எனக்கு வேலை கிடைத்தது.
இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.
இணைப்பு ஆணையைப் போஜராஜ் சார்
கரும்பலகை மேலேயே ஒட்டினார்,
ஒட்டுவதற்கு அங்கே வேறு பலகை இல்லை.
மறுநாள் பீரோ, உலக உருண்டை, சத்துணவுக் குண்டான்
எல்லாம் இதே ஜீப்பில் மஞ்சூருக்கு இறங்கின.
குண்டானைத்தான் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.
நாலு பேருக்குப் பொங்கியது
இருநூற்றுப் பத்துப் பேருக்கு ஒரு டம்ளர்.

நிரோஷனுக்கு முன்சீட்டு, வாந்தி வரும்.
ஏழாவது கொண்டை ஊசிக்கு முன்னால்
பால் கவரைக் கையில் கொடுத்துவிடுவேன்.
காட்டுமாடு குறுக்கே நின்றால்
ஐந்து பேரும் பேசாமல் காத்திருப்போம்.
அதற்கு முதல் மணி கிடையாது.

சுகிர்தா மூணாவது.
போன வியாழக்கிழமை பின்னாலிருந்து சொன்னாள்:
"அண்ணா, அங்க பக்கத்துக் கிளாஸ் பாடம்
காதுலயே விழ மாட்டேங்குது."

எனக்கு ஐந்தாவது வளைவு வரை புரியவில்லை.
மேலே ஒரே அறை.
சார் பெரிய பிள்ளைகளுக்குப் பின்னம் நடத்தும்போது
இவள் ஒன்றாம் வகுப்பு மூலையில்
'ட' போட்டுக்கொண்டே அதையும் எடுத்து வைத்திருக்கிறாள்.
முக்காலுக்குள் கால் எத்தனை? மூன்று.
எனக்கு இன்றைக்கும் விரல் வேண்டும்.
இப்போது நடுவில் சுவர்.
மூணாவது மூணாவதை மட்டும் படிக்கிறது.
கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதற்கு
இரண்டு தரம் உட்காரச் சொன்னார்களாம்.

பாவம் என்று கண்ணாடியில் பார்த்தேன்.
முகம் சிவந்திருந்தது,
ஆனால் அதற்கில்லை.
பக்கத்து பெஞ்சு வர்ஷிகா
ரப்பரைத் திருப்பித் தரவில்லை.
அவளோடு காய்.
நாளைக்கும் காய், நாளன்றைக்கும் காய்.

மேலே அவள் வயதில் யாரும் இருந்ததில்லை.
எட்டு வயது வரை
காய் விட ஓர் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறாள்.
இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று
எனக்குத் தெரியவில்லை.

நிரோஷன் வீட்டில் திருப்பூர் போகப் பேச்சு.
போனால் மூன்று தலை.
மூன்று தலைக்கு ஜீப் கட்டுப்படியாகாது,
அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள்,
அல்லது என்னையும் எதோடாவது இணைப்பார்கள்.

மாலையில் பனி இறங்கிவிட்டது.
லைட்டைப் போட்டுக்கொண்டு ஏறினோம்.
இறங்கும்போது கேட்டேன்,
திங்கட்கிழமை பழமா?

பையை மாட்டிக்கொண்டு
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"ரப்பரைப் பொறுத்து" என்றாள்.