முதல் மணியில் எடுப்பவர்கள்

ஆரம்பாக்கத்தில் எனக்கு வேலை
போன் செய்வது.
திறன் பயிற்சி மையம், மாடியில் இரண்டாவது அறை,
கீழே உரக்கடை.
மூன்று மாதம் சாலிடரிங் படித்து
நீலச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு
தடா பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போன
நூற்றுப் பன்னிரண்டு பேரை
தொண்ணூறாம் நாள் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்:
வேலையில் இருக்கிறீர்களா?
இருந்தால் ஒரு டிக்.
எழுபது சதவீதம் டிக் விழுந்தால்தான்
மூன்றாம் தவணை வரும்.
அதில்தான் என் சம்பளமும் வரும்.

முதல் வாரம் ஏமாந்தேன்.
ஒரே மணியில் எடுத்தவர்களையெல்லாம்
பொறுப்பான பிள்ளைகள் என்று நினைத்தேன்.
"சொல்லுங்க மேடம்" என்றான்
எளாவூர் முனிரத்தினம், அத்தனை தெளிவாக.
பின்னால் மிக்ஸி ஓடியது.
பகல் ஷிப்டுக்காரன் வீட்டில்
மதியம் இரண்டு மணிக்கு மிக்ஸி கேட்டால்
அவன் லைனில் இல்லை.

ஆர்டர் குறைந்ததாம்.
சனிக்கிழமை திரும்பி வரும் பஸ்ஸிலேயே
பெயர் வாசித்துவிட்டார்களாம்.
சூளூர்பேட்டை ஆதார்காரர்கள் தப்பித்தார்கள்.
"நம்ம வீடு நாலு கிலோமீட்டர் இந்தப் பக்கம் மேடம்."
வீட்டில் தெலுங்கு பேசுகிறவன்,
இன்டர்வியூவில் தெலுங்கிலேயே பதில் சொன்னவன்.
இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டியில் கேட்டால்
ஒடிசாப் பையன்கள் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள்,
நீ நிற்பாயா என்றார்களாம்.
நிற்பேன் என்றிருக்கிறான்.
சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம்.

பிறகுதான் புரிந்தது:
எடுக்காதவர்கள்தான் இருக்கிறார்கள்.
கேட்டிலேயே லாக்கர். அணைத்து வைத்துவிட்டு
உள்ளே போக வேண்டும்.
அவர்களும் போன் செய்கிறவர்கள்,
நானும் போன் செய்கிறவள்,
ஷிப்ட் முடியும்வரை பேசிக்கொள்ள வழியில்லை.

"நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்…"
அந்தக் குரல் கேட்டாலே
சந்தோஷம் வரத் தொடங்கியது எனக்கு.
கோகிலவாணி, ஸ்விட்ச் ஆஃப். நல்லது.
சந்திரகளா, ஸ்விட்ச் ஆஃப். நல்லது, நல்லது.
பவ்யஸ்ரீ, ஸ்விட்ச் ஆஃப்.
கல்யாணமாகி நம்பர் மாறியிருக்குமோ?
அதையும் யோசித்தேன்.

சந்தோஷத்துக்கு டிக் கிடையாது என்றார் மேலாளர்.
குரல் வேண்டும், அல்லது ஆளைப் பார்க்க வேண்டும்.

விடிவதற்கு முன் ரோட்டோரம் போய் நின்றேன்.
கையில் நோட்டு, பனிக்குத் தலையில் துப்பட்டா.
ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம்
வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்
கோகிலவாணி. டிக்.
அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டாமல்
பல்லால் கடித்துக்கொண்டு ஓடிவந்தாள் சந்திரகளா. டிக்.
படியில் நின்று திரும்பிக் கேட்டாள்:
"இதுக்கு உங்களுக்கு எவ்ளோ மேடம் தர்றாங்க?"
சொன்னேன்.
பஸ்ஸே கொஞ்சம் நின்றது போலிருந்தது.
"ஏறுங்க மேடம். பேக்கிங்ல ஆள் எடுக்கறாங்க."

வயது வரம்பு இருபத்தாறு.
எத்தனை பேருக்கு நானே படித்துக் காட்டிய தாள்.
எனக்கு முப்பத்தொன்று.
பஸ் தடா பக்கம் போனது. புகை மட்டும்
இந்தப் பக்கம் வந்தது.

முனிரத்தினத்தை அடுத்த பேட்சில் சேர்த்துக்கொண்டோம்,
வேறு படிப்பு, வேறு மூன்று மாதம்.
இரண்டாவது நீலச் சான்றிதழைக் கையில் வாங்கி
லேமினேஷன் எவ்வளவு என்று மட்டும் கேட்டான்.

மார்ச்சில் திட்டம் முடிந்தது. எனக்கும்.

பயிற்சி தருகிறவர்களுக்கும் ஒருமுறை
ஐந்து நாள் பயிற்சி தந்திருந்தார்கள், சென்னையில்.
எங்கோ ஒரு தாளில்
எனக்கும் வரிசை எண் இருக்கும்.
ஜூனில் அடித்தது, தெரியாத நம்பர்.
மதியம் இரண்டு மணி.
தேங்காயும் மிளகாயும் அரைந்துகொண்டிருந்தது.

மிக்ஸியை நிறுத்தினேன்.
ஒரு மணி. இரண்டு.
அடித்து ஓயட்டும் என்று
கையைத் துடைத்தபடி நின்றேன்.