கால் இல்லாத மேசை

சுவரைத் தட்டிப் பார்த்தேன்.
எங்கே தட்டினாலும் ஒரே பதில்:
ஆளில்லை.

கட்டை இருக்குமிடம் காட்டும் கருவி
மூன்று இடத்தில் கத்தியது.
மறுபடி வைத்தால் மூன்றும் வேறு இடம்.
பதினாறு அங்குலத்துக்கு ஒரு கட்டை, அதுதான் கணக்கு
என்றான் கடைக்காரப் பையன்.
கணக்குப்படி எது இருக்கிறது இந்த வீட்டில்?
செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தைப் பார்த்தபடி
நூறு வருஷமாய்ச் சாய்ந்துகொண்டிருக்கும் மரவீடு.

தெரிந்தவன் ஒருவன்தான்,
இந்தத் தடுப்பை எழுப்பியவன்.
விவாகரத்துப் பத்திரத்தில்
படகு, குளிர்பெட்டி, நாய்
எல்லாவற்றையும் பிரித்து எழுதினோம்.
சுவருக்குள் இருப்பதைப் பற்றி
வக்கீல் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை டெர்மட் வந்தான்.
பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றி
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.
பழைய இடம்தான், என்றேன்.

புகைபோக்கிக்கும் மாடிப்படிக்கும் நடுவே
நாற்பத்துநான்கு அங்குலப் பொந்து.
குழந்தை வண்டி, பிறகு ஸ்கேட்டுகள், பிறகு
யாரும் திறக்காத அட்டைப்பெட்டிகள் இருந்த இடம்.
இடது மூலையில் விரலை வைத்து
“பதினாலு,” என்றான். “அப்புறம் பத்தொன்பது.”
ஏன் அப்படி?
“க்ளோடா ஐந்து வாரம் முன்னாடியே பிறந்துவிட்டாள் இல்லையா.
கையில் கிடைத்த கட்டையை
கிடைத்த இடத்தில் அறைந்தேன்.”
காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டான்.
சொன்ன இடத்தில் போய்
டக்கென்று ஒட்டிக்கொண்டது.

சட்டத்தைச் சுவரில் முடுக்கினான்.
நாலு கைகள் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன,
யாரையோ நிறுத்துவது போல.
மேசை என்பது உள்ளே வெறுமையான பெட்டி;
பூச்ச மரம், ஐந்தங்குலக் கனம்.
அவன் ஒரு முனை, நான் ஒரு முனை
தலையணைக்கு உறை மாட்டுவதைப் போல மாட்டினோம்.
அது மட்டும் கைக்கு மறந்திருக்கவில்லை.

ரசமட்டத்தில் குமிழி சரியாக நடுவில்.
மேசையோ கோணலாய்த் தெரிந்தது.
ஜன்னல் ஒரு பக்கம் சாய்வு, தரை இன்னொரு பக்கம்.
“கண்ணுக்கு வைக்கவா, குமிழிக்கு வைக்கவா?”
முன்பென்றால் இதற்கே
இரவுவரை சண்டை நடந்திருக்கும்.
அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து
மேசைமேல் விட்டேன். உருளவில்லை.
குமிழிக்கு, என்றேன்.
ஐம்பத்திரண்டு வயதில்
கணக்காயர் தேர்வுக்குப் படிக்கிறவளுக்கு
பென்சில் உருளாமலிருந்தால் போதும்.

தாங்குமா?
பதில் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தான்.
தொண்ணூறு கிலோவாவது இருப்பான் இப்போது.
தரையைத் தொடாமல் ஆடின கால்கள்,
இடது குதிகாலில் காலுறை கிழிசல்.
டின் பால் விட்ட தேநீரை
அங்கேயே உட்கார்ந்து குடித்து முடித்தான்.
கோப்பை வைத்த வட்டம்
எண்ணெய் பூசாத மரத்தில் பதிந்துவிட்டது.
ஐயோ, என்றான்.
இருக்கட்டும், என்றேன்,
கொஞ்சம் சீக்கிரமாகவே.

அவன் போன பிறகு
பூட்ஸ் இருந்த இடத்தில் ஒரு சின்னக் குளம்.
துடைத்தேன். மரத்தூளைக் கூட்டினேன்.
விளக்கைப் போட்டு நான்காம் அத்தியாயம் திறந்தேன்:
தேய்மானம்.

பயிற்சிக்காக இந்த மேசையையே எழுதிப் பார்த்தேன்.
பலகை எழுபத்தொரு டாலர்.
திருகாணி பன்னிரண்டு.
கூலி என்று எழுதி
எதிரே கோடு போட்டு
நிறுத்திவிட்டேன்.
பயன்படும் ஆயுள் எத்தனை ஆண்டு
என்று அடுத்த கட்டம் கேட்கிறது.

மேசைக்கு அடியில் காலை நீட்டினேன்.
சுவர்வரைக்கும்
இடிக்க ஒன்றுமில்லை.