நீல மை

போன் ஸ்டேஷன் சொத்து அறையில் இருக்கிறது,
அரக்கு முத்திரை வைத்த உறைக்குள்.
மகஜரில் வரிசை எண் நான்கு:
கருப்புக் கைபேசி, திரையில் கீறல்.
ஓடிபி அங்கேதான் போகும்.
ஆறு இலக்கமும் அணைந்த போனைத் தட்டிப் பார்த்து
பத்து நிமிடத்தில் செத்துப்போகும்.

பொம்மனஹள்ளி ஜெராக்ஸ் கடை மாடியில்
வரிக்கணக்கு எழுதும் வனஜாக்ஷி மேடம் சொன்னார்:
"உன் தம்பி டாக்ஸி ஓட்டின ஒவ்வொரு டிரிப்புக்கும்
கம்பெனி நூத்துக்கு ஒண்ணு பிடிச்சிருக்கு.
ஐயாயிரத்து எண்ணூத்திப் பத்து.
உள்ளே இருந்தாலும் அவன் காசு அவன் காசுதான்.
பாஸ்வேர்டு மட்டும் கேட்டுட்டு வா."

கார்மென்ட்ஸில் ஒருநாள் கூலி போனது.
பரப்பன அக்ரஹாரத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
இன்னாசி ரிசீவரைக் காதில் வைத்தபடி
தரையைப் பார்த்தான்.
பக்கத்தில் ஒருத்தி குழந்தையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.
"முதல் எழுத்து பெருசு" என்றான்.
"எதுல?"
"ரெஜினா. அப்புறம் அட். அப்புறம் கல்யாண வருஷம்."

ரெஜினா மாரிக்குப்பத்துக்குப் போய்ப் பதினாலு மாதம்.
நான் எதுவும் கேட்கவில்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
கேட்டைத் தாண்டுவதற்குள் வியர்வையில்
வருஷம் மட்டும் கலைந்திருந்தது.
அது எனக்குத் தெரியும்.
அந்தப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவள் நான்.

படிவம் கேட்டது: வீட்டு எண், தெரு, பின்கோடு.
மேடம் விரலை விசைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.
என் வீட்டு எண்ணைச் சொன்னேன்.
ஏர்போர்ட்டுக்கு ஓட்டிய ராத்திரிகள் எல்லாம்
மொத்த வருமானம் என்று ஒற்றை வரியில் வந்து நின்றன.

கடைசியில் ஒரே ஒரு தாள்.
நீல மையில் கையெழுத்து.
கோடு கோடான பட்டைமேல் எதுவும் படக்கூடாது.
முப்பது நாளைக்குள் தபாலில்.

நீலப் பேனாவை நானே கொண்டுபோனேன்.
காவலர் ரீஃபிலை உருவி வெளிச்சத்தில் பார்த்து
திரும்பச் சொருகினார்.
அடுத்த வாரம் தாள் வந்தது,
பட்டைக்கு நட்டநடுவே
ஊதா நிறத்தில் வட்டமாகச் சிறை முத்திரை.
"நல்லாத் தெரியட்டும்னு அழுத்தி வெச்சேம்மா"
என்றார் ஆபீஸ்காரர், ஓசூர்த் தமிழில்.
அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி.
தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுபடி ஒரு தாள். மறுபடி ஒருநாள் கூலி.
இரண்டாம் கையெழுத்தில்
முதலில் இருந்த வால் இல்லை.

தபாலாபீஸ் பெண் முகவரியைப் படித்தாள்:
எலக்ட்ரானிக் சிட்டி.
"இதோ இருக்கே, நேர்ல குடுத்துடலாமே?"
நேரில் வாங்கமாட்டார்கள்.
ஜெயிலுக்கும் அந்த ஆபீசுக்கும் நடுவே
ஒரு பஸ் டிக்கெட் தூரம்.
உறை மட்டும் வடக்கே ஊருக்குள் போய்
எங்கோ இரண்டு இரவு தங்கி
அதே ஓசூர் ரோட்டில் திரும்பி வரும்.

"தண்ணித் தொட்டிப் பக்கம் நின்னா
ராத்திரி அந்த பில்டிங் லைட்டெல்லாம் தெரியுதுக்கா.
அதுல எதுல நம்ம பேப்பர் பாப்பாங்க?"
எத்தனையோ பேரை அங்கே இறக்கிவிட்டவன் கேட்கிறான்.
தெரியாது என்றேன்.
மணி அடிப்பதற்குச் சற்றுமுன் சொன்னான்:
"பணம் வந்தா பாப்பா ஃபீஸுக்கு அனுப்பிடு.
நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம்."

மூன்று நாள் கூலி, மேடத்துக்கு ஐநூறு,
இரண்டு ஸ்பீட் போஸ்ட் உறை (ஒன்று வீண்).
மனதுக்குள் கழித்துக்கொண்டே வந்தவள்
சில்க் போர்டு சிக்னலில் கணக்கை விட்டுவிட்டேன்.

இருபதாம் நாள் திரையில் வந்தது: பெறப்பட்டது.
அதன் கீழே இன்னொரு வரி:
உங்கள் பாஸ்வேர்டு பழையதாகிவிட்டது.
"மாத்திடலாமா?" என்றார் மேடம்.

இப்போது வேண்டாம் என்றேன்.